பால்மரக் கரியில் வெந்த இரும்பு

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கல்லால் வந்தது. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய பழைய கோலாலம்பூரை நாசமாக்கின. இனிக் கட்டடங்களைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்ட வேண்டும் என்று ஆங்கில ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் பெருகிய வட்டாரத்திற்கு அதுவே பெயராகிவிட்டது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானின் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. செங்கல் உள்ளூரில் கிடைத்தது. தண்டவாளமோ கப்பலில் வந்தது. இரும்புக்குப் பெரும்பாலும் வெளிநாட்டை நம்பியிருந்த அந்த நிலை மேலும் எண்பது ஆண்டுகள் நீடித்தது.

இன்று 'பசுமை உருக்கு' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. இது ஏதோ ஐரோப்பாவில் புதிதாகக் கண்டுபிடித்து நம் தலையில் கட்டுகிற சங்கதி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்நாட்டின் முதல் ஒருங்கிணைந்த உருக்காலை நிலக்கரியை நம்பித் தொடங்கப்படவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இரும்புத் தாது என்பது இரும்பும் பிராணவாயுவும் பிணைந்த கல். அந்தப் பிராணவாயுவைப் பிரித்தால்தான் இரும்பு கிடைக்கும். ஊதுலையில் இடும் கரி வெப்பம் தருவதோடு நிற்பதில்லை. பிராணவாயுவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கரியமிலவாயுவாக வெளியேறுகிறது. அதனால்தான் உருக்குத் தொழிலின் புகை விவகாரம், அடுப்பை மாற்றினால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. உலக உருக்குச் சங்கத்தின் கணக்குப்படி, நிலக்கரி ஊதுலை வழியில் 1 டன் உருக்குக்கு ஏறத்தாழ 2.3 டன் கரியமிலவாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கினால் அது சுமார் 0.7 டன்தான்.

மலாயாவில் இரும்புத் தாது இருந்தது. ஆனால் உலைக்கு ஏற்ற கோக் நிலக்கரி இல்லை. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்தில் கிடைத்த நிலக்கரி அதற்குப் பயன்படாது. அந்தச் சுரங்கமும் 1960-இல் மூடப்பட்டது. 1961-இல் ஜப்பானின் யவாத்தா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 'மலாயாவாத்தா' உருவானது. பெயரிலேயே இரு பங்காளிகளும் இருக்கிறார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையில் 1967-இல் உற்பத்தி தொடங்கியது. உலைக்குள் போனது என்ன தெரியுமா? ரப்பர் மரத்தைச் சுட்டெடுத்த கரி!

பால்மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் கிழடு தட்டிவிடும். அதை வெட்டி மறுநடவு செய்தாக வேண்டும். அக்காலத்தில் வெட்டிய மரத்துக்குப் பெரிய மதிப்பில்லை. பெரும்பகுதியைத் தோட்டத்திலேயே கொளுத்தினார்கள். வீணாக எரிந்த மரம் கரியாகி ஆலைக்குப் போனது. வெளியேறிய கரியமிலவாயுவும், அந்த மரங்கள் வளர்ந்தபோது காற்றிலிருந்து இழுத்துக்கொண்டதுதான். காடு அழியவில்லை, மரம் ஏற்கெனவே வெட்டப்படவிருந்தது. இன்றைய நிபுணர்கள் மாநாடு கூட்டிப் பேசுகிற விஷயத்தை, பற்றாக்குறை அன்றே செய்யவைத்தது.

அந்த மரங்களை நட்டவர் யார், பால் வெட்டியவர் யார் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மரம் விழுந்த பல இடங்களில் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். உருக்குத் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

கரி என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் தமிழகத்தின் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. மரக்கரிக்காகக் காடுகளை வெட்டினார்கள், மறுநடவு இல்லை. கரி கிடைக்கும் இடம் தூரப் போகப் போகச் செலவு ஏறியது. ஆலை நட்டத்தில் முடிந்தது. பிரேசில் இன்றும் தைல மரத்தை நட்டு, வெட்டி, கரியாக்கி இரும்பு காய்ச்சுகிறது. வெட்டுகிற கையே நடவும் வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

பிறையிலும் அது நிலைக்கவில்லை. மரக்கரி கோக்கைப் போல் உறுதியானதல்ல. பெரிய உலையின் சுமையைத் தாங்காது, நொறுங்கிவிடும். எண்பதுகளில் ரப்பர் மரத்துக்குத் தளவாடச் சந்தையில் மவுசு வந்ததும், நாற்காலியாக விற்பதை விட்டு யார் கரியாக்குவார்கள்? ஆலை பின்னர் அன் ஜூ குழுமத்திடம் போனது. 2011-இல் அங்கே வந்த சிறிய ஊதுலை கோக்கில் இயங்குவது.

இதற்கிடையே கிள்ளான் பள்ளத்தாக்கு வேறு பாதையில் நடந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் கிள்ளான் புக்கிட் ராஜாவில் அம்ஸ்டீல் ஆலை எழுந்தது. மின்சார உலையில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கியது. 1999-இல் பந்திங்கில் தொடங்கிய மெகாஸ்டீலும் மின்சார உலைதான். மலிவான இறக்குமதியோடு போட்டியிட முடியாமல் 2016-இல் நின்றுபோனது. ஆக, புகை குறைந்த வழி இங்கே பழக்கமான வழியாகவே இருந்தது. ஆனால் 2018-இல் குவாந்தானில் அலையன்ஸ் ஸ்டீல், ஆண்டுக்கு 35 லட்சம் டன் கொள்ளளவோடு நிலக்கரி ஊதுலையில் உற்பத்தி தொடங்கியது. உலகம் நிலக்கரியிலிருந்து இறங்க வழி தேடிய நேரத்தில் நாம் ஏறினோம். வேலை வாய்ப்பைச் சொல்லி இதை நியாயப்படுத்துகிறவர்கள், மூடிய மின்சார உலைகளில் போன வேலைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்குக் கேட்கும் காலம் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டு 15 முதல் புதிய இரும்பு, உருக்கு ஆலை உரிமங்களை அரசு நிறுத்திவைத்தது. 2024 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டம், இரும்பு, உருக்கு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-க்குள் கார்பன் வரி என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2026 ஜனவரி முதல், இறக்குமதியாகும் உருக்கின் புகைக்கு விலை வைக்கிறது. சுவீடனில் ஹைட்ரஜன் கொண்டு தாதுவைப் பிரிக்கிறார்கள். கரியமிலவாயுவுக்குப் பதில் நீராவி வெளியேறுகிறது. அதற்கு மலிவான பசுமை மின்சாரம் ஏராளமாக வேண்டும்.

நம் கைக்கு எட்டுவது பழைய இரும்புதான். இந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். வீடு வீடாக லோரியில் போய் ஓட்டை வாளியும் துருப்பிடித்த கேட்டும் எடுப்பவரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அவர் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு டன்னும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட கரியமிலவாயுவைத் தவிர்க்கிறது. கார்பனுக்கு விலை வந்தால் அந்த லாபத்தில் ஒரு பங்கு அவர் பட்டறைக்கும் வருமா, அல்லது ஆலை வாசலோடு நின்றுவிடுமா? வரி விதிகளை எழுதும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. இன்னொன்றும் உண்டு: கிள்ளானுக்குப் பக்கத்தில் உள்ள காப்பார் மின் நிலையம் நிலக்கரியை எரிப்பது. அந்த மின்சாரம் மாறாதவரை, மின்சார உலைக்கும் புகைக் கணக்கு உண்டு.