திண்ணைப் பள்ளியும் உளநூலும்



கல்லூரியில் முதலாண்டு பயிலும் இளைஞர் ஒருவர் சென்ற கோடை விடுமுறைக்கு மீன்சுருட்டிக்கு வந்திருந்தார். உளவியலைப் பாடமாக எடுத்துக்கொண்டவர். வந்த மூன்றாம் நாளே ஊரிலுள்ளோர் அனைவருக்கும் பெயர் சூட்டத் தொடங்கிவிட்டார். கடைத்தெருவில் உரக்கப் பேசுபவர் தாழ்வு மனப்பான்மை உடையவர். ஓயாமல் கை கழுவும் பாட்டி மனநோயின் வாயிலில் நிற்பவர். தம்பி கவனச் சிதறல் உடையவன். தந்தையாரோ அடக்கி வைத்த சினத்தின் உறைவிடம். எனக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். மரியாதை கருதி அதனை மட்டும் கூறவில்லை போலும்.

“ஐயா, படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்தத்தானே வேண்டும்?” என்று அவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். அவரைக் கண்டு நகைக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் உளவியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அவ்வாண்டு முழுவதும் வீட்டாரைப் படுத்திய பாட்டை இப்போது நினைத்தாலும் நாணம் வருகிறது.

இந்நூலின் வரலாறு நீண்டதன்று. முன்னாளில் நம்மவர் இதனை மனத்தத்துவம் என்றும் உளநூல் என்றும் வழங்கினர். செர்மனி நாட்டு லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் என்பார் 1879-இல் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1892-இல் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆற்றத் தொடங்கிய சொற்பொழிவுகள் 1899-இல் நூலாயின. நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-இலும், மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1943-இலும் இதற்குத் தனித்துறை கண்டன. வானொலியில் பேசும் நான் மைசூர்த் துறையைப் பற்றி ஒன்று கூறாது போதல் நன்றி மறத்தலாகும். அத்துறையின் தலைவராயிருந்த எம். வி. கோபாலசுவாமி என்ற உளவியற் பேராசிரியரே 1935-இல் தம் இல்லத்தில் ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையத்தை நிறுவியவர். ‘ஆகாசவாணி’ என்பது அந்நிலையத்தின் பெயர். பின்னர் அகில இந்திய வானொலியே அப்பெயரைத் தனக்கு ஏற்றுக்கொண்டது. நிற்க.

துறைகள் பின்னர் வந்தன. மறதியும் பழக்கமும் ஆர்வமும் முன்னரே நம் ஊர்களில் இருந்தன. அவற்றை நம் பக்கத்து ஊர்களிலேயே வைத்துக் காண்பதற்கு ஒரு நல்ல ஏடு நம் கையில் உள்ளது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்து, 1950-இல் நூலாயிற்று. 1855-இல் பிறந்த ஐயரவர்கள் தம் இளமையைக் கழித்த ஊர்களுள் அரியலூர், குன்னம், கார்குடி, செங்குணம் ஆகியவை அடங்கும். அவருடைய தந்தையார், உறவினரான கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றதோ நம் உடையார்பாளையத்தில். அந்நூலைப் புலவர் வரலாறாகப் படிப்போர் பலர். யான் அதனை ஒரு மாணவனின் மனத்தைப் பற்றிய பதிவேடாகவும் படிப்பதுண்டு. தம் மனத்தில் நிகழ்ந்ததை ஒளியாமல் எழுதியவர் அவர்.

அக்காலத் திண்ணைப் பள்ளியின் வழக்கம் ஒன்றை அவர் குறித்திருக்கிறார். மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ ஊரின் பெயரோ கூறி விடுப்பார். மறுநாட் காலையில் அதனை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். சிறு விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வழக்கத்தின் உட்பொருளை எபிங்கௌசு என்ற செர்மானிய அறிஞர் 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். அவர் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 ஆக்கிக்கொண்டு, அவற்றை வரிசை வரிசையாகத் தாமே மனனம் செய்தார். பின்னர் அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் செல்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்துக்குள் கற்றதன் பயனில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. ஆயினும் ஒரு திங்கள் சென்ற பின்னும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. முதல் நாளிலேதான் மறதியின் வேகம் மிகுதி. அந்த முதல் இரவைக் கடந்து பெயரைக் காத்து வருமாறு நம் உபாத்தியாயர் பிள்ளைகளைப் பழக்கினார். அவர் அளவுகோல் எதையும் கண்டவரல்லர்.

இன்னொன்று. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், கல்லூரி மாணவர்க்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தனர். சிலர் அதனை மீண்டும் படித்தனர். சிலர் ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழாயிற்று: எழுதிப் பார்த்தவர்க்கு 56 விழுக்காடு நினைவிருந்தது; மீண்டும் படித்தவர்க்கு 42 விழுக்காடே. தேர்வுக்கு முந்திய இரவு ஏட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டி, எல்லாம் தெரிந்துவிட்டது என்று மகிழும் நண்பர்கள் இந்த எண்களைச் சற்று நேரம் நோக்குவாராக.

நினைவு மட்டும் போதுமோ எனின், போதாது. அரியலூரில் சடகோபையங்கார் என்பவர் ஐயருக்குத் தமிழ் கற்பித்தார். ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால் அதன் சுவையில் தாமும் ஆழ்ந்து, கேட்போரையும் ஆழ்த்துவது அவர் இயல்பு. தமக்குத் தமிழில் முதற்சுவையை ஊட்டியவர் அவரே என்று ஐயர் நன்றியோடு நினைக்கிறார். மகனை இசைவல்லுநனாக்கத் தந்தையார் விரும்பினார். மகனின் மனமோ தமிழின்பால் சென்றது. பின்னர்க் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டு, 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். அக்குடும்பம் ஊர் ஊராகச் சென்றது வறுமையினாலும் தந்தையாரின் பிழைப்பினாலும். இதனை அறியாத ஒருவர், பன்னிரண்டு வயதுச் சாமிநாதனைக் கண்டிருந்தால், “ஓரிடத்தில் நிலையாகப் படிக்காத பிள்ளை” என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

பிறர் செய்த தவற்றுக்கு அவர் குணத்தையே காரணமாகக் காண்பதும், சூழ்நிலையைக் காணாமல் விடுவதும் மனிதர் மனத்தின் இயல்பான சாய்வு. லீ ராஸ் என்ற அறிஞர் 1977-இல் இதற்கு அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டார். இப்பிழைக்கு ஐயரும் இரையாகியிருக்கக் கூடும். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த அவர், அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிக் கூறினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. செருக்குடைய அதிகாரி என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு ஐயர் வீடு திரும்பியிருந்தால், அவரை யார் குறை கூறியிருப்பர்? அவர் மீண்டும் சென்றார். சிந்தாமணியை எடுத்துக்கொண்டு பாடம் தொடங்கினார். 1887-இல் அந்நூல் அச்சில் வந்தது.

இவ்வளவு கூறியதால் பழைய பள்ளியைப் பொற்காலம் என்று கொள்ளற்க. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிப் பிள்ளை தொங்குமாறு செய்யும் ‘கோதண்டம்’ என்ற தண்டனை அங்கு இருந்தது. ஐயரே அதனைக் குறிக்கிறார். கயிறு போய்விட்டது, தண்டிக்கும் மனம் அவ்வளவு விரைவில் போகவில்லை. அதற்குச் சான்று தேடி யான் வெளியே போக வேண்டியதில்லை.

பணியில் சேர்ந்து பத்தாண்டு சென்ற பின் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பங்குனி பிறந்தால் அவனுடைய கையெழுத்துக் கெட்டுவிடும், வகுப்பில் உறங்குவான், முதல் நாட் பாடம் நினைவிராது. மந்த புத்தி என்று தீர்ப்புக் கூறினேன். எழுத்து அழகாயிராத ஏட்டைப் பிற பிள்ளைகள் காண உயர்த்திப் பிடித்தேன். ஒரு நாள் பிரம்பை ஓங்கி, கையை நீட்டச் சொன்னேன். நீட்டினான். விரல் நுனிகளில் தோல் உரிந்து கறுத்திருந்தது. எங்கள் பக்கம் முந்திரி மிகுதி. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பது இங்குள்ள எல்லார்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடியுமுன் தோப்பில் பழம் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, இரவில் தாயோடு அமர்ந்து உடைத்துவிட்டு, அந்தக் கையோடு எழுதுகோல் பிடித்தவன் அவன். மதிப்பெண் வாங்கிக் கொடுத்த உளவியல் அன்று வரை என் கண்ணைத் திறக்கவில்லை. பிரம்பைக் கீழே வைத்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காலத்து ஆசிரியர்கள் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

உளவியல் பயிலும் இளைஞரிடம் இதனைக் கூறினேன். “தம்பி, இரண்டு வாரம் யாருக்கும் பெயர் வைக்க வேண்டாம். ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்ன, எந்த நேரம், அதற்கு முன் நடந்தது என்ன, இவ்வளவே எழுதுங்கள். எபிங்கௌசும் தம்மைத் தாமே அளந்தார், நீங்கள் உங்களையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்” என்றேன். அவருக்கு அது சப்பென்றிருந்தது, ஆயினும் எழுதினார்.

குறிப்பேட்டைப் பின்னர் என்னிடம் காட்டினார். பாட்டி ஓயாமல் கை கழுவவில்லை. கொட்டை உடைத்து எழுந்த பொழுதெல்லாம், பேரக்குழந்தையைத் தூக்குமுன், சாம்பல் தேய்த்துக் கழுவினார். தம்பியின் கவனம் கணக்கில் சிதறியது. மிதிவண்டியைப் பழுது பார்க்கையில் இரண்டு மணி நேரம் சிதறவில்லை. தந்தையார் பதினான்கு நாளில் பதினொரு முறை சினந்தார். அவற்றுள் ஒன்பது பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. கடையைத் தனியே விட்டுவர ஆளின்றி, காலையில் இரண்டு இட்டிலி உண்டவர் அந்நேரம் வரை வேறொன்றும் உண்பதில்லை. அந்தக் கடைசி வரியின் கீழ் இளைஞர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

மறுநாள் உச்சிவேளை கழிந்து ஒரு மணியிருக்கும். வெயில் கொளுத்திற்று. அவர் கையில் ஒரு தூக்குப் பாத்திரத்துடன் கடைத்தெருப் பக்கம் விரைந்து நடந்து போவதை என் வீட்டுத் திண்ணையிலிருந்து கண்டேன்.