லோங்கேவாலாவின் மணல்

ஜெய்சல்மேர்க் கோட்டையின் ஜினாலயங்களை வணங்கச் செல்வோர், தார்ப் பாலையூடே வடமேற்கில் எல்லையோர லோங்கேவாலாவையும் கண்டு வருதல் நன்று. 1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, பாகிஸ்தானின் டாங்கிப் படை அக்காவல் சாவடியை நோக்கி வந்தது. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் அங்கிருந்தோர் ஏறத்தாழ 120 வீரர்களே. ஜெய்சல்மேர்த் தளத்து ஹண்டர் விமானங்கள் இருளில் தாக்கும் கருவிகள் அற்றவை. ஆதலின் விடியும்வரை காலாட்படை தனித்தே எதிர்த்து நின்றது. மென்மணலில் புதைந்த டாங்கிகள், காலையில் வானிலிருந்து வந்த தாக்குதலுக்கு எளிய இலக்காயின. அவற்றுட் சில இன்றும் அங்கே காட்சிக்கு நிற்கின்றன. சிறுவர்கள் அவற்றின்மீது சாய்ந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். நம் வீரரின் உறுதியைப் போற்றுவோம். அவ்விரும்பினுள் மாண்டவர்க்கும் தாய்மார் இருந்தனர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.