தலைசார் பரிமாற்றச் சார்பு

தலைசார் பரிமாற்றச் சார்பு என்பது ஒரு திசையிலிருந்து வரும் ஒலி, கேட்பவரின் தலை, தோள், செவிமடல் ஆகியவற்றில் பட்டுச் சிதறிச் செவிப்பறையை அடைவதற்குள் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டும் கணிதச் சார்பு ஆகும். ஆங்கிலத்தில் எச்.ஆர்.டி.எஃப் எனச் சுருக்கி அழைக்கப்படுகிறது. இச்சார்பைக் கொண்டு வடிகட்டிய ஒலிப்பதிவை ஹெட்ஃபோனில் கேட்டால், ஒலி தலைக்கு வெளியே குறித்த இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். சார்பு கேட்பவருடையதாக இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சிக்கல்.

திசையறிதல்

வலப்புறம் எழும் ஒலி வலக் காதைச் சற்று முன்னதாகவும் உரப்பாகவும் அடைகிறது. நேர வேறுபாடு அதிக அளவாக ஏறத்தாழ 0.7 மில்லிநொடி. ரேலி பிரபு 1907இல் வெளியிட்ட கொள்கை இவ்விரு வேறுபாடுகளை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் நேர் முன்னும் நேர் பின்னும் உள்ள ஒலிகளுக்கு இவை இரண்டும் ஏறக்குறையச் சுழியமே. அங்கு உதவுவது செவிமடலின் மடிப்புகளும் குழிகளுமாகும். அவை உயர் அதிர்வெண்களில் சிலவற்றை வலுப்படுத்தியும் சிலவற்றை அடக்கியும் திசைக்கேற்ற அடையாளத்தை ஒலியில் பதிக்கின்றன.

செவிமடல் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே பிறர் காதுக்குரிய சார்பைக் கொண்டு கேட்டால், முன்னால் உள்ள ஒலி பின்னால் கேட்பது வழக்கமான பிழை. நெதர்லாந்தில் ஹோஃப்மன் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், செவிமடற் குழிகளில் அச்சுகளைப் பொருத்தியதும் ஒலியின் உயரத்தை அறியும் திறன் குலைந்தது. சில வாரங்களில் அது மீண்டது. வியப்பு என்னவெனில், அச்சுகளை அகற்றியபோது பழைய திறனும் அப்படியே இருந்தது.

அளவீடும் வருடலும்

எதிரொலியற்ற அறையில் ஒருவரை அசையாது அமர்த்தி, காதுத் துளைகளில் நுண் ஒலிவாங்கிகளை வைத்துத் திசை திசையாக அளப்பது நேரடி முறை. டேவிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2001இல் வெளியிட்ட சிபிக் தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் 1250 திசைகள் அளக்கப்பட்டன. இத்தகைய அறை எல்லோருக்கும் கிட்டுவதில்லை.

மாற்று வழியில் தலையும் காதுகளும் முப்பரிமாண வருடியால் பதிவு செய்யப்பட்டு, முக்கோண வலையாக மாற்றப்படுகின்றன. ஒலி அவ்வலையில் சிதறுவதை எல்லை உறுப்பு முறை கணக்கிடுகிறது. ஒலிமூலத்தைக் காதுத் துளையில் வைத்து, சுற்றிலும் உள்ள புள்ளிகளில் ஒலியழுத்தத்தைக் கண்டாலும் விடை ஒன்றே. இதனால் திசைதோறும் மீண்டும் கணக்கிடத் தேவையில்லை. மெஷ்2எச்.ஆர்.டி.எஃப் இதற்கான திறமூல மென்பொருளாகும்.

16 கிலோஹெர்ட்சில் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. ஆகவே காதுப் பகுதியில் வலையின் விளிம்புகள் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். கன்னத்திலும் பிடரியிலும் அந்த அளவு நுட்பம் வேண்டியதில்லை. காதின் உட்குழிகள் வருடியின் ஒளிக்கு மறைந்திருப்பதும், தலைமுடி தெளிவாகப் பதிவாகாததும் இம்முறையின் பெரிய இடர்ப்பாடுகள். முடியை இறுக்கமான தொப்பியால் மூடுவதுண்டு. குழிகளுக்கு அச்சு வார்த்து, அந்த அச்சைத் தனியே வருடுவதும் உண்டு.

ஆப்பிள் நிறுவனம் 2022இல் ஐஓஎஸ் 16 பதிப்பில், ஐஃபோன் கேமராவால் முகத்தையும் காதுகளையும் பதிவு செய்து ஒலியைத் தனியாளுக்கேற்ப அமைக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது.