லியேஜ் முத்திரைகள்: பெல்ஜிய வேட்டைத் துப்பாக்கிகளின் காலமும் கர்த்தாவும்

பழைய இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை ஆராயப் புகுகிறவரின் கண் முதலில் குழலின் மேலோ விசைத் தகட்டின் மீதோ பொறித்திருக்கும் பெயரை நாடுவது இயல்பே. ஒரே தொழிற்சாலையில் தொடக்கம் முதல் முடிவு வரை உருவான ஆயுதமாயின், அந்தப் பெயரையே பிரமாணமாகக் கொள்வதில் பெரும் பிழை நேராது. ஆனால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திலிருந்து உலகமெங்கும் சென்ற துப்பாக்கிகளைப் பொறுத்தவரை இம்முறை நம்மைப் பலகாலும் வழி தவறச் செய்கிறது. அங்கே மேலே பொறித்த பெயர் சந்தையை நோக்கிப் பேசியது. குழலின் அடியில் குத்திய சிறு முத்திரைகளோ சட்டத்துக்குப் பதில் சொல்லின. ஆகவே லியேஜ் துப்பாக்கியின் விருத்தாந்தத்தை அடியிலிருந்து மேல் நோக்கிப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அம்முத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மாறிய கிரமத்தைக் காண்பது இத்துணிபை நிறுவும் வழியாகும்.

தொழிலின் அமைப்பு

மியூஸ் நதிக்கரையில் நிலக்கரியும் இரும்பும் எளிதில் கிடைத்தமையால் லியேஜில் ஆயுதத் தொழில் வேரூன்றியது. ஆயினும் நெடுங்காலம் அது பெரிய ஆலைகளில் நடைபெறவில்லை. வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் பிரிந்து கிடந்தது. வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள நெசோன்வோ, த்ரூஸ் முதலிய ஊர்களில் நீர்விசையின் உதவியால் குழல்கள் உருவாயின. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்து, நெளிநெளியான கோலம் தெரியும்படி செய்த டமாஸ்கஸ் குழல்கள் அப்பள்ளத்தாக்குக்குப் பெரும் புகழைத் தந்தன. அக்கோலங்களுள் 'க்ரோல்', 'பெர்னார்', 'பாஸ்டன்' என்பன பெயர் பெற்றவை. விசை செய்கிறவர், குழலைத் தாங்கும் உடற்பகுதியை அரம் கொண்டு பொருத்துகிறவர், கட்டை செதுக்குகிறவர், சித்திரம் பொறிக்கிறவர் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கம்மியர் இருந்தனர். லியேஜில் 'உற்பத்தியாளர்' என்று பெயர் பெற்றவர் பல சமயங்களில் இவர்களுக்கு வேலை கொடுத்து, உறுப்புகளைத் திரட்டி, விற்பனை செய்த வியாபாரியே.

இவ்வமைப்பின் விளைவு தெளிவானது. ஒரு துப்பாக்கியில் பலருடைய கைவேலை கலந்திருக்க, மேலே நிற்கும் பெயர் அவர்களுள் ஒருவருடையதாகவும் இல்லாமல், கடல் கடந்த நாட்டுக் கடைக்காரர் விரும்பிய பெயராகவே இருந்துவிடக் கூடும். அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற மலிவான துப்பாக்கிகளில், புகழ் வாய்ந்த ஆங்கிலக் கம்மியரின் பெயரை நினைவூட்டும் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' போன்ற பெயர்கள் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

பெரோன் தூணும் ஏகாதிபத்திய ஆணையும்

லியேஜ் அன்று ஆயரே அரசராக இருந்து ஆண்ட தனி நாடு. 1672-ஆம் ஆண்டில் ஆயர்-அரசர் பவேரியாவின் மாக்ஸிமிலியன் ஹென்றி பிறப்பித்த ஆணை, குழல்களை வெடித்துச் சோதித்து முத்திரையிடும் வழக்கத்துக்குச் சட்டத்தின் பலத்தை அளித்தது. அம்முத்திரைக்கு எடுத்துக்கொண்ட வடிவம், நகரச் சந்தைவெளியில் நிற்கும் பெரோன் என்னும் தூண். அது வெறும் அலங்காரமன்று. லியேஜ் மக்களின் உரிமைகளுக்கே சின்னம். 1467-இல் நகரத்தை வென்ற பர்கண்டிப் பிரபு துணிவுமிக்க சார்லஸ் அத்தூணைப் பெயர்த்து ப்ரூஜ் நகருக்குக் கொண்டுபோனதும், அவர் இறந்தபின் 1478-இல் அது மீண்டும் வந்து சேர்ந்ததும், அச்சின்னத்துக்கு இருந்த மதிப்பைக் காட்டும். நகரத்தின் மானத்தையே குழலின் மீது பதித்ததன் வாயிலாக, சோதனைக்குப் பொறுப்பேற்பது தனிக் கம்மியன் அல்லன், நகரமே என்ற கொள்கை உருப்பெற்றது.

1795-இல் லியேஜ் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. நெப்போலியன் 1810 டிசம்பர் 14-ஆம் நாள் பிறப்பித்த ஆணை, சோதனை முறையைத் தம் ஏகாதிபத்தியத்தின் ஆயுதத் தொழில் நகரங்களுக்கெல்லாம் ஒழுங்குபடுத்தியது. 'லியேஜ் சோதனை' என்பதற்கான பிரெஞ்சுத் தொடரைக் குறிக்கும் ஈ, எல், ஜி என்னும் மூன்றெழுத்துகள் இதன்பின் பெரோனின் இடத்தைப் பெற்றன. நெப்போலியனின் ஆட்சி வீழ்ந்து, நாடு நெதர்லாந்தின் கீழ்ச் சென்று, 1830-இல் பெல்ஜியம் சுதந்திரமடைந்த பின்னரும் அம்மூன்றெழுத்துகள் மறையவில்லை. முட்டை வடிவ வளையத்துக்குள் அமைந்த அம்முத்திரையே இன்றுவரை பெல்ஜியத் துப்பாக்கியின் முதல் அடையாளமாக விளங்குகிறது.

கிரீடமும் நட்சத்திரமும்

காலத்தைத் துல்லியமாக்க உதவும் மாறுதல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தன. 1853-இல் பெரோன் சின்னம் வேறொரு பணியில் மீண்டும் பிரவேசித்தது. அதிக மருந்திட்டு வெடித்த பிறகு குழலில் வீக்கமோ விரிசலோ இல்லையென்று கண்ணால் பரிசீலித்ததற்கு அது அத்தாட்சியாயிற்று. ஆதலால் பெரோனைக் கண்டவுடன் துப்பாக்கி பதினேழாம் நூற்றாண்டினது என்று முடிவு செய்வது தவறு. பக்கத்தில் மூன்றெழுத்து முத்திரை இருப்பின் அது பிற்காலப் பெரோனே. முடிவுறாத குழலுக்கு நடத்திய தாற்காலிகச் சோதனைக்கு, பின்னிய ஈ, எல் என்னும் ஈரெழுத்து முத்திரை வழங்கிற்று.

பரிசோதகர் ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து உண்டு. 1853 முதல் 1877 வரை அவ்வெழுத்தின் மேல் கிரீடம் நின்றது. 1877-க்குப் பின் கிரீடம் போய் நட்சத்திரம் வந்தது. 1888-ஆம் ஆண்டின் சட்டம், குழல்களைச் சோதித்து முத்திரையிடும் லியேஜ் சோதனைச்சாலையின் அமைப்பையும் அதிகாரத்தையும் புதிதாக வரையறுத்தது. பின்னர் 1893 ஜூலை 11 முதல், வளையத்துக்குள் இருந்த மூன்றெழுத்துகளின் மேல் கிரீடம் ஏறியது. இவ்விடத்தில்தான் பயிலாதவர் பலர் மயங்குகின்றனர். தனியெழுத்தின் மேலுள்ள கிரீடம் முற்காலத்தைக் காட்ட, மூன்றெழுத்தின் மேலுள்ள கிரீடம் பிற்காலத்தைக் காட்டுகிறது. சின்னம் ஒன்றாயினும் அது நிற்கும் இடத்தால் அதன் சாட்சியம் தலைகீழாகிறது. உதாரணமாக, பரிசோதகரின் எழுத்துக்கு மேல் நட்சத்திரமும், மூன்றெழுத்து வளையத்துக்கு மேல் வெறுமையும் காணப்படும் துப்பாக்கி 1877-க்கும் 1893-க்கும் இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளுக்குள் சோதனைக்கு வந்ததென்று உறுதியாகச் சொல்லலாம்.

வேட்டைத் துப்பாக்கிகளுக்கே உரிய குறிகளும் உள. சாய்சதுரத்துக்குள் 12 அல்லது 16 என்னும் எண்ணும் சி என்னும் எழுத்தும் இருந்தால் அது குழலின் 'போர்' (கேஜ்) அளவைக் குறிக்கும். மில்லிமீட்டரில் பொறித்த 18.4 போன்ற எண் குழற்துளையின் விட்டம். கிலோகிராமும் கிராமுமாகப் பொறித்த எண் சோதனைக்கு வந்தபோது குழல் இருந்த எடை. வாயருகே துளையைக் குறுக்கி ரவை சிதறாமல் பாயச் செய்யும் சோக் முறை பரவியபோது, அத்தகைய குழலில் முழுக் குண்டைப் பிரயோகிக்கலாகாது என்னும் எச்சரிக்கை பிரெஞ்சு மொழியில் பொறிக்கப்பட்டது. நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் புகையற்ற மருந்து வழக்கிற்கு வரவே, பி, வி என்னும் எழுத்துகளும் அவற்றின் மேல் சிங்கமும் கொண்ட முத்திரை தோன்றியது. அது இருந்தால் புதிய மருந்துக்குச் சோதித்ததென்பது நிச்சயம். இல்லையென்பதால் மட்டும் துப்பாக்கி அதற்கு முந்தையதென அனுமானிக்க இயலாது, ஏனெனில் அன்று எல்லாத் துப்பாக்கிகளும் அச்சோதனைக்கு உட்படவில்லை.

கர்த்தாவைக் காணல்

காலத்தை இவ்வாறு வரையறுத்த பின்னரே கர்த்தாவின் விசாரணைக்கு வருதல் தகும். குழலடியில் காணும் முதலெழுத்துகள் இருவகைப்படும்: குழல் செய்தவருடையவை, துப்பாக்கியைத் திரட்டி விற்றவருடையவை. எல், எல், எச் என்பவை குழற் கம்மியர் லொரான் லொஷே-ஹப்ரானைக் குறிக்கும். அவற்றைத் துப்பாக்கியின் முழு உற்பத்தியாளருடையனவாகக் கொள்வது பொதுவான பிழை. குழலில் 'காக்கரில் எஃகு' என்றிருந்தால் அது உலோகம் பிறந்த ஸெராங் ஆலையின் பெயரேயன்றிக் கம்மியரின் பெயரன்று. லியேஜ் வட்டாரத்தில் ஆடவர் தம் குலப்பெயரோடு மனைவியின் குலப்பெயரையும் இணைத்து வழங்கிய சம்பிரதாயம், ஒரே குலப்பெயருடைய பல கம்மியரை வேறுபடுத்திக் காண நமக்குத் துணை புரிகிறது. ஆயினும் 1865-இல் தோன்றிய லெபோ-கூராலி ஸ்தாபனத்தின் பெயரில் இணைந்திருப்பது மனைவியின் குலப்பெயரன்று, வியாபாரத்தில் வந்து சேர்ந்த பெர்டினான் கூராலியின் பெயர் என்பதால், அவ்விதியையும் ஆராய்ந்தே பயன்படுத்த வேண்டும்.

கிரீடத்தின் கீழ் ஏ, எஃப் என்னும் எழுத்துகள் ஒகூஸ்த் பிராங்கோத் ஸ்தாபனத்துக்குரியவை. அதன் உயர்ந்த துப்பாக்கிகள் நியூயார்க்கில் வான் லெங்கர்கே அண்ட் டெட்மோல்ட் கடையின் வாயிலாக அமெரிக்கருக்கு அறிமுகமாயின. ஆன்ரி பீப்பர் தொடங்கிய ஸ்தாபனம் பிற்காலத்தில் 'பயார்' என்ற பெயரோடு குதிரைவீரன் உருவைத் தன் வியாபாரக் குறியாக்கிற்று. ஏற்றுமதித் துப்பாக்கியின் காலத்துக்கு இறக்குமதி நாட்டின் சட்டமும் சாட்சியாகிறது: 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் உற்பத்தி நாட்டின் பெயரைப் பொருளின் மீது பொறிக்க வேண்டுமென்று விதித்து மறு ஆண்டே அமலுக்கு வந்ததால், குழலில் 'பெல்ஜியம்' என்னும் சொல்லைத் தாங்கிய துப்பாக்கி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

ஆலையின் வருகை

1889-இல் பெல்ஜிய இராணுவத்துக்கு ஒன்றரை லட்சம் மௌஸர் துப்பாக்கிகள் செய்வதற்காக லியேஜ் உற்பத்தியாளர் பலர் கூடி எர்ஸ்டாலில் நிறுவிய பாப்ரிக் நாஷனால், இச்சரித்திரத்தைப் புதிய திசையில் திருப்பிற்று. ஜான் பிரௌனிங் கண்டுபிடித்த தானியங்கி வேட்டைத் துப்பாக்கியை அவ்வாலை 1903 முதல் உற்பத்தி செய்தபோது, ஒரே கூரையின் கீழ் முழு ஆயுதமும் உருவாகி, மேலுள்ள பெயர் உண்மையான கர்த்தாவின் பெயராயிற்று. சோதனைச்சாலையின் செயலும் இதற்கிணங்க விரிவடைந்தது. 1914-இல் பல நாடுகள் சேர்ந்து ஒருவர் முத்திரையை மற்றவர் மதிக்கும் ஏற்பாட்டுக்கு அடிகோலின. அதில் லியேஜ் முன்னின்றது. 1922 முதல் சோதனை ஆண்டைக் குறிக்கும் சிற்றெழுத்து ஒன்றும் பொறிக்கப்பட்டமையால், அதன்பின் வந்த துப்பாக்கிகளின் காலத்தை அனுமானத்துக்கு இடமின்றி அறியலாயிற்று.

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் ஆய்வு முறை இதுவாகும்: முதலில் முன்கட்டையைக் கழற்றிக் குழலடியின் சோதனை முத்திரைகளால் கால எல்லையை நிறுவுக, அடுத்துப் பரிசோதகர் எழுத்தாலும் அளவுக் குறிகளாலும் அவ்வெல்லையைச் சுருக்குக, பின்னர் முதலெழுத்துகள் குழற் கம்மியருடையனவா, உற்பத்தியாளருடையனவா என்று பிரித்தறிக, இறுதியிலேயே மேற்பெயரை ஏற்பதா தள்ளுவதா என்பதைத் தீர்மானிக்க. இம்முறையிலும் ஒரு வரம்பு உண்டு. முத்திரை காட்டுவது சோதனை நடந்த காலமேயன்றித் துப்பாக்கி பிறந்த நாளன்று. பழுது பார்த்த குழல் மறுமுறை சோதனைக்குச் சென்றிருத்தலும் கூடும். அந்நிலையில் பழைய முத்திரையும் புதிய முத்திரையும் ஒரே குழலில் அருகருகே நிற்கும். அவற்றை முரண்பாடென்று ஒதுக்காமல், முந்தையதைப் பிறப்புக்கும் பிந்தையதைப் புத்துயிர்ப்புக்கும் சாட்சியாகக் கொள்வதே ஆராய்ச்சி நெறிக்குப் பொருந்தும்.