கற்காரைத் தளப் பூச்சு

கற்காரைத் தளப் பூச்சு என்பது, கற்காரைத் தரையை நீர், உப்பு, எண்ணெய், தேய்மானம் ஆகியவற்றிலிருந்து காப்பதற்காக அதன் மேற்பரப்பில் இடப்படும் படலம் ஆகும். வெப்பமான ஊரில் நன்கு உழைக்கும் பூச்சு, குளிர்ச் சூழலில் இறுகாமல் போகலாம். இறுகினாலும் விரைவில் உரியலாம். எனவே குளிர் நாடுகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் இதன் தேர்வு முக்கியத்துவம் பெறுகிறது.

உறைபனியின் விளைவு

கற்காரை நுண்துளைகள் கொண்டது. துளைகளில் புகும் நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9% பெருகுகிறது. நீர் மீண்டும் மீண்டும் உறைந்து உருகுவதால் மேற்பரப்பு செதில்செதிலாகப் பெயர்கிறது. சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு இச்சிதைவை விரைவுபடுத்துகிறது. தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் தொராண்டோவில், வாகனங்களில் ஒட்டிவரும் உப்புநீர் வாகனக் கொட்டில் தரைகள் பழுதடைய ஒரு முக்கிய காரணமாகும்.

வகைகள்

* எப்பாக்சி: கற்காரையுடன் நன்கு ஒட்டும். பொதுவான கலவைகள் 10 °செ.க்குக் கீழ் மிக மெதுவாகவே இறுகும். வெயில் பட்டால் மஞ்சள் நிறமாகும்.
* பாலியூரித்தேன்: கீறலைத் தாங்கும். பெரும்பாலும் எப்பாக்சியின் மேல் இறுதிப் படலமாக இடப்படுகிறது.
* பாலியசுபார்ட்டிக்: குறைந்த வெப்பநிலையிலும் சில மணி நேரத்தில் இறுகும். இதனால் தேர்ந்த பணியாளர் தேவை.
* மெத்தில் மெத்தாக்கிரிலேட்டு: 0 °செ.க்குக் கீழும் இறுகவல்லது. கடும் நெடி உடையது, எளிதில் தீப்பற்றும்.
* பாலியூரித்தேன் சிமெண்ட்: 6 முதல் 9 மி.மீ. தடிப்பில் இடப்படும். திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்கும்.
* சிலேன், சிலாக்சேன்: படலம் உண்டாக்காமல் துளைகளுள் ஊடுருவி நீரை விலக்கும், நீராவி வெளியேற இடமளிக்கும். திறந்தவெளித் தரைகளுக்கு ஏற்றவை.

தேர்வும் ஆயத்தமும்

பூச்சு உரிவதற்கு அதன் வகையைவிடத் தரையின் ஈரமே பல வேளைகளில் காரணமாகிறது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் நீர்புகாப் படலத்தின் அடியில் சிக்கினால் கொப்புளங்கள் தோன்றும். ஏறத்தாழ 45 செ.மீ. சதுர நெகிழித் தாளின் ஓரங்களைத் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது எளிய சோதனையாகும். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ தரை கருத்திருந்தாலோ பூச்சு இடலாகாது.

குளிர்காலத்தில் தரை, காற்றைவிடக் குளிர்ந்திருக்கலாம். ஆகையால் தரையின் வெப்பநிலையைத் தனியே அளக்கவேண்டும். அது பனிநிலையைவிடக் குறைந்தது 3 °செ. மிகுந்திருத்தல் வேண்டும். புதிய கற்காரைக்குப் பொதுவாக 28 நாட்கள் விடப்படுகின்றன. வழுக்கலைத் தடுக்கக் குவார்ட்சு மணல் தூவப்படுகிறது.

தமிழ்நாட்டில்

நந்தனம் உள்ளிட்ட சென்னைப் பகுதிகளில் தரை உறைவதில்லை. அங்கு ஈரப்பதமும் வெயிலுமே சிக்கல்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. சமவெளியில் கடுங்குளிர் நிலவுவது, பனிக்கூழ், மீன் முதலியவற்றை ஏறத்தாழ −18 °செ.யில் வைக்கும் குளிரறைகளிலாகும். இயங்கும் குளிரறையை நிறுத்தாமல் பழுதுபார்க்க மெத்தில் மெத்தாக்கிரிலேட்டும், வெந்நீரால் கழுவப்படும் பால் பதனிடும் கூடங்களுக்குப் பாலியூரித்தேன் சிமெண்டும் பொருத்தமானவை. உறைகுளிர் அறையின் தளத்தடியில் வெப்பக் காப்பு இல்லையெனில் மண்ணின் ஈரம் உறைந்து தரையையே மேலே தூக்கும். இதனை எந்தப் பூச்சும் தடுக்காது.