போர்ட் எண்களும் பொது இணைப்பும்

ஒரு வீட்டிலுள்ள கணினிகள் யாவும் ஒரே பொது முகவரியில் இயங்குவதற்கான உபாயம் வழக்கத்துக்கு வந்தபோது, வெளியிலிருந்து தாமாகவே வரும் இணைப்பு எந்தக் கணினிக்கு உரியது என்ற பிரச்சினையும் உடன் பிறந்தது. 2001-இல் பிராம் கோஹன் இயற்றிய கோப்புப் பகிர்வு நெறியான பிட்டொரென்ட், 6881 முதல் 6889 வரையிலான போர்ட் எண்களை வழக்கமாகக் கொண்டமையால், ரௌட்டரில் அவற்றைத் தம் கணினிக்குத் திருப்பிவிடும் வித்தையைச் சாமானியரும் பயின்றனர். இணையச் சேவை நிறுவனங்கள் அவ்வெண்களைக் குறிவைத்ததும், மென்பொருள்கள் வேறு எண்களுக்குத் தாவின.

ஆனால் ஒரே இணைப்பைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் எழும் சச்சரவுக்கு மூலகாரணம் போர்ட் அன்று, பதிவேற்றமே. பதிவிறக்கத்துக்கு விசாலமும் பதிவேற்றத்துக்குக் குறுகலுமாக அமைந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்பில், ஒருவர் பகிரும் கோப்பின் துண்டுகள் மோடத்தின் நினைவகத்தில் வரிசையாகத் தேங்கி நிற்க, அடுத்த அறையில் இணையப் பக்கம் பார்ப்பவருடைய கணினி அனுப்பும் சிறு ஒப்புகைச் செய்திகள் அவ்வரிசையின் கடைசியில் காத்திருக்க நேர்ந்தமையால், அவருடைய பதிவிறக்கமும் ஸ்தம்பித்தது. 2010-இல் கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பிலேயே இத்தாமதத்தை ஆராய்ந்து, சாதனங்களில் மிகையாக வைக்கப்பட்ட இடைநினைவகமே தோஷம் என்று வெளிப்படுத்தியது, என் அபிப்பிராயத்தில், இச்சரித்திரத்தின் மகத்தான அத்தியாயம்.

இப்பதிவேற்றத்தைக் கட்டுப்படுத்த 2007-இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட், போலி இணைப்பு முறிவுச் செய்திகளால் பகிர்வைக் குலைத்தது அநீதியே. மறு ஆண்டு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கண்டித்து உத்தரவிட்டும், அவ்வுத்தரவு 2010-இல் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

வரிசைத் தாமதம் 100 மில்லிசெகண்டைக் கடவாதபடி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள முயலும் லெட்பேட் நெறி, 2012 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6817 என்னும் ஆவணமாக வெளியாயிற்று. ஆயினும், கோப்புப் பகிரும் அன்பர்களே, பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள்.