பாட்டில் வரும் 'நான்'

கேட் புஷ்ஷின் மியூசிக் வீடியோக்களில் எனக்கு மிகவும் பிடித்தவை மூன்று. 1978இல் வந்தது ஒன்று, 1985இல் வந்தவை இரண்டு. பல வருஷங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். ஒரு ரசிகனின் பிடித்தம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது மூன்றிலும் ஒரே விஷயம் நடப்பது தெரிந்தது. பாடுகிறவர் வேறு ஒருவராகிவிடுகிறார். அந்தச் சாதனம் அதற்காக ஏற்பட்டதல்ல.

வீடியோ பிறந்தது வியாபாரத்துக்காக. பாடகர் எல்லா ஊர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் நேரில் போக முடியாது. அவருக்குப் பதிலாகப் படம் போகும். அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி எம்.டி.வி. தொடங்கி, நாள் முழுவதும் வீடியோக்களையே காட்ட ஆரம்பித்த பிறகு இதற்கு ஒரு இலக்கணமும் அமைந்துவிட்டது. பாடகர் காமிராவைப் பார்த்து உதட்டை அசைக்க வேண்டும். பாட்டில் 'நான்' வருகிற இடத்தில் அந்த முகம் தெரிய வேண்டும். கேட்கிறவன் குரலையும் முகத்தையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு இசைத்தட்டு வாங்கப் போவான்.

'உதரிங் ஹைட்ஸ்' இந்த இலக்கணம் அமைவதற்கு முன்பே வந்தது. எமிலி பிரான்ட்டேயின் நாவலை வைத்துத் தயாரித்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கடைசிச் சில நிமிஷங்களைப் பார்த்ததில் கிளம்பிய பாட்டு. எழுதியபோது புஷ்ஷுக்கு வயது 18. நாவலாசிரியையும் இவரும் பிறந்தது ஜூலை 30ஆம் தேதி. இடையில் 140 வருஷங்கள். 1978 மார்ச்சில் பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரங்கள் அங்கேயே இருந்தது. தானே எழுதிப் பாடிய பாட்டோடு ஒரு பெண் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

பாட்டில் பேசுவது செத்துப்போன காதரின். ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே விடச் சொல்கிறாள். இதற்கு இரண்டு வீடியோக்கள் உண்டு. ஒன்றில் வெள்ளை உடையில் இருட்டான ஸ்டுடியோவில் ஆடுகிறார். மற்றதில் சிவப்பு உடையில், சால்ஸ்பரி சமவெளியின் புல்தரையில். எனக்குப் பிடித்தது சிவப்பு. அங்கே ஜன்னல் கிடையாது, வீடு கிடையாது, ஹீத்கிளிஃப் கிடையாது. ஒரு உடம்பு மட்டும். புஷ் லிண்ட்ஸே கெம்ப்பிடம் மைம் பயின்றவர். இல்லாத ஜன்னலை அந்தக் கைகள் தேடுகின்றன. தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்கள் இதை நடித்துக் காட்டிக் கேலி செய்தார்கள். கேலிக்கு இடமில்லாமல் இல்லை. பட்டப்பகலில் பேய் நாட்டியமாடினால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிப்பு அடங்கின பிறகும் கைகள் மனசில் நிற்கின்றன.

1979இல் ஒரே ஒரு சுற்றுப்பயணம் போனார். ஆடிக்கொண்டே பாடுவதற்காக, சட்டை மாட்டும் கம்பியை வளைத்து மைக்கை முகத்தோடு பொருத்தினார்கள். கை காலியாக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம். அதற்குப் பிறகு 2014 வரை தொடர் கச்சேரி எதுவும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் வீடியோவே அவருக்கு மேடை. 1980இல் 'பிரீதிங்' பாட்டில் பேசுவது அணுகுண்டு வெடித்த பின் தாயின் மூச்சு வழியே நஞ்சை உள்வாங்கும் சிசு. அதே வருஷம் 'ஆர்மி ட்ரீமர்ஸ்'. குரல், பட்டாளத்தில் மகனை இழந்த தாயுடையது. படத்தில் அவர் போட்டிருப்பது சிப்பாயின் உடை.

1985 ஆகஸ்டில் 'ரன்னிங் அப் தட் ஹில்'. ஆணும் பெண்ணும் இடம் மாறிக்கொண்டால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியுமோ என்பது பாட்டு. டேவிட் கார்ஃபத் இயக்கிய வீடியோவில் புஷ்ஷும் மைக்கேல் ஹெர்வியூவும் ஜப்பானியப் பாணிப் பாவாடைகளில் ஆடுகிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி உடை. வில்லை வளைக்கிற பாவனை திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் ஒரு கூட்டம் வந்து இருவரையும் பிரிக்கிறது. கூட்டத்திலிருப்பவர்கள் அணிந்திருக்கும் முகமூடிகள் இவர்களுடைய முகங்களே. ஓரிடத்திலும் உதடு பாட்டுக்கு அசைவதில்லை. எம்.டி.வி. இதை ஏற்கவில்லை. பி.பி.சி.யில் டெர்ரி வோகன் நிகழ்ச்சியில் அவர் தோன்றிப் பாடிய பதிவையே போட்டது. உதடு அசைந்தது, அவர்களுக்கு அது போதும்.

இரண்டு மாதம் கழித்து 'கிளவுட்பஸ்டிங்'. வில்ஹெல்ம் ராய்க் நம்மில் பலருக்குப் படித்த பெயர். ஃப்ராய்டின் வட்டத்திலிருந்து விலகி, ஆர்கோன் என்ற உயிர்ச்சக்தியை நம்பி, மழை பெய்விக்க யந்திரம் கட்டியவர். அமெரிக்க அரசு 1956இல் அவர் புத்தகங்களை எரித்தது. 1957இல் சிறையில் இறந்தார். மகன் பீட்டர் 1973இல் 'எ புக் ஆஃப் ட்ரீம்ஸ்' என்று நினைவுகளை எழுதினார். பாட்டு அதிலிருந்து வந்தது. ஜூலியன் டாயில் இயக்கிய படத்தில் தகப்பன் டொனால்ட் சதர்லண்ட். மகன் புஷ். 27 வயதுப் பெண், குட்டை முடியோடு பையனாக வருகிறார். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அவன் உருவும் புத்தகம், அவனே பின்னால் எழுதப்போகும் அந்தப் புத்தகம். அப்பாவைக் காரில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பையன் மலையேறி யந்திரத்தை இயக்குகிறான். மழை பெய்கிறது. ராய்க்கின் விஞ்ஞானத்தை நம்ப வேண்டுமென்று படம் கேட்கவில்லை. அப்பாவை நம்பிய ஒரு பையனை நம்பினால் போதும்.

இதற்கு எதிராகவும் சொல்ல இடமிருக்கிறது. யாராக மாறினாலும் திரையில் இருப்பது அவர் முகந்தானே, இசைத்தட்டு விற்றதும் அந்த முகத்தால்தானே என்று கேட்கலாம். உண்மைதான். வியாபாரத்துக்கு வெளியே நின்று அவர் எதையும் செய்துவிடவில்லை. உள்ளேயிருந்துகொண்டே அந்த முகத்தை வேறொருவருக்கு இரவல் கொடுத்தார்.

2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் இடம்பெற்றதால் 'ரன்னிங் அப் தட் ஹில்' பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. 1985இல் மூன்றாமிடம், மேலே வர 37 வருஷங்கள். புதிதாகக் கேட்டவர்களில் பலருக்கு அது அந்தத் தொடரில் வரும் ஒரு பெண்ணின் பாட்டு. புஷ்ஷுக்கு இதில் வருத்தம் இருக்க நியாயமில்லை.

நமக்குத்தான் இதில் யோசிக்க இருக்கிறது. அகப்பாட்டில் தலைவி பேசுவாள், எழுதியவன் ஆணாக இருப்பான். கூற்று யாருடையது என்று துறையிலேயே சொல்லி வைத்தார்கள். நம் கவிதையில் 'நான்' என்று கண்டால் உடனே கவிஞரின் விலாசத்தைத் தேடுகிறோம். கவிஞர்களும் விலாசத்தோடுதான் எழுதுகிறார்கள். அந்தப் பையன் மலையேறி ஓடும்போது, பார்ப்பது கேட் புஷ்ஷை என்பது எனக்கு மறந்துபோகிறது. அவருடைய ரசிகனாக இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான்.